சேலையைப் பிடித்த சுவர்

தங்கப்பொண்ணு வீட்டு முகப்புச் சுவர் ஆளைக் கடிக்கும். திருமங்கலத்தில் உசிலம்பட்டி ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஓடி விளையாடுகிற பிள்ளைகள் அதில் முழங்கையைச் சிராய்த்து அழுதுகொண்டு போகும். சைக்கிளைச் சாய்த்து வைத்தால் கைப்பிடியில் கீறல் விழும். தெருவில் திரிகிற ஆடுகளுக்கு மட்டும் அந்தச் சுவர் மேல் கொள்ளைப் பிரியம். வந்து முதுகைத் தேய்த்து அரிப்புத் தீர்த்துக்கொண்டு போகும்.

அது அவளுடைய மாமனார் கட்டிய வீடு. மதுரையில் யாரோ ஒரு வக்கீல் பங்களாவின் முகப்பைப் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் அப்படியே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். பொடிக்கல்லையும் சிமெண்டையும் குழைத்துக் கை கையாக அள்ளிச் சுவரில் வீசி அடிக்க வேண்டும். விழுந்தது விழுந்தபடி காய வேண்டும். கரட்டுப் பூச்சு என்று சொல்வார்கள். அடித்த நாளில் தெருவே நின்று வேடிக்கை பார்த்ததாம். அதெல்லாம் அந்தக் காலம். தங்கப்பொண்ணு மகள் ஜெயக்கொடிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய எண்பத்திரண்டாம் வருஷத்தில் அது பலாப்பழத் தோல் மாதிரி தூசும் ஒட்டடையும் அடைந்து கிடந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தாலும் சுண்ணாம்பு மட்டை பள்ளத்துக்குள் போகாது. மேடெல்லாம் வெள்ளை, பள்ளமெல்லாம் கறுப்பு.

இருந்தாலும் அந்தச் சுவரைப் பற்றித் தங்கப்பொண்ணுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. தெருவில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் நோட்டீசு ஒட்டிக் கிடக்கும். சினிமா, கட்சிக் கூட்டம், மாட்டுத் தாவணிச் சந்தை, கண்ணீர் அஞ்சலி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். அவள் வீட்டுச் சுவரில் மட்டும் அன்றுவரைக்கும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியதில்லை. செவ்வாய், வெள்ளி தவறாமல் அவள் வாசலில் சாம்பிராணி காட்டுவாள். நிலைப்படியில் வேப்பிலை செருகுவாள். பசை வாளிக்காரர்கள் அந்த வாசலை மட்டும் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்து, "ஆத்தா காவல் இருக்கா. ஒருத்தன் கை வைக்க மாட்டான்" என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொள்வாள். அவள் புருஷன் சோணை ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு எடை போடுகிறவர். கன்னம் வரைக்கும் வளர்ந்த மீசை. அவர் சிரித்துக்கொள்வார்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஜெயக்கொடியைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் காளை, சோணைக்குத் தூரத்து மாமன் மகன். காளையின் பெண்சாதி இருளாயி நல்ல உயரம், உயரத்துக்குத் தகுந்த குரல். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துப்போனது. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடி முடிந்து செருப்பை மாட்டும்போதுதான் இருளாயியின் பட்டுச்சேலை முந்தானை சுவரில் சிக்கியது. அவள் கவனிக்காமல் நடக்க, சர்ரென்று ஒரு முழத்துக்கு இழை உருவிக்கொண்டு வந்துவிட்டது.

தங்கப்பொண்ணுக்கு உயிரே இல்லை. இருளாயி முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு உரக்கச் சிரித்தாள்.

"ஏன் மதினி, உங்க வீட்டுச் சுவரு என்னாத்துக்கு வாரவுக சேலையப் பிடிச்சு இழுக்குது? நாளைக்கு எம் மகன் மாமியா வீட்டுக்கு விருந்துக்கு வந்தா வேட்டியோட திரும்பி வருவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கப்பொண்ணும் சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

"அவுக பூ வைக்க வாரதுக்குள்ள இந்தச் சுவத்த வழவழன்னு ஆக்கிப்புடணும். இல்லாட்டி நான் அவுக மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள்.

"எங்கப்பன் ஆசையா அடிச்ச பூச்சுடி" என்றார் சோணை.

"மாமா ஆசை மாமாவோட. இப்ப நம்ம பிள்ளைக்கு ஆசை. சம்பந்தி வாயில இன்னொரு வாட்டி நான் விழ மாட்டேன்."

கொத்தனார் சுருளி வந்தான். தெருக்கோடியில் குடியிருப்பவன், வாய் ஓயாதவன். முதல் நாள் முழுக்கச் சுத்தியலும் உளியுமாகச் சுவரின் முள்ளைத் தட்டித் தட்டி உதிர்த்தான். வீடெல்லாம் தூசி. பிறகு பழைய அழுக்குப் போகத் தேங்காய்நார் கொண்டு தேய்த்துக் கழுவினான். சுவர் தண்ணீர் குடிக்கும் வரைக்கும் வாளி வாளியாக ஊற்றினான். அதற்கு மேல் சலித்த மணல் போட்ட கலவையை இழுத்து, பலகையால் மட்டம் பார்த்து, கடைசியில் கரணையை வைத்துத் தேய் தேயென்று தேய்த்தான். நன்றாகக் காய்ந்த பிறகு இளமஞ்சளில் ஒரு வர்ணம்.

"அக்கா, இனிமே ஒரு எறும்பு ஏறட்டும் பாப்போம். வழுக்கிக் கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சுரும்" என்றான் சுருளி.

தங்கப்பொண்ணு உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். கல்யாணப் பெண் கன்னம் மாதிரி இருந்தது. தன் முந்தானையை எடுத்து வேண்டுமென்றே சுவரின் மேல் இழுத்துப் பார்த்தாள். ஒரு நூல் சிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

பூ வைக்கிற வெள்ளிக்கிழமை வந்தது. இருட்டோடு எழுந்து வாசல் தெளித்து, தெருவை அடைத்துக் கோலம் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக அம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு அதே வழியில் திரும்பி வந்தாள். அடுப்படி கொல்லைப் பக்கம். வந்தவள் அடுப்படியில் புகுந்ததுதான், அப்புறம் முன்பக்கம் எட்டிப் பார்க்கவே நேரமில்லை. சோணை இலைக்கட்டோடு கொல்லை வழியாகத்தான் வந்தார். ஜெயக்கொடி உள்ளே தலைவாரிக்கொண்டிருந்தாள்.

நல்ல நேரம் பிறந்தது. யாரும் வரவில்லை. நல்ல நேரம் போயும் விட்டது.

"பஸ்ஸு கெட்டுப்போயிருக்கும்" என்றார் சோணை.

தங்கப்பொண்ணு சட்டியைத் திறந்து பார்த்தாள். கேசரி ஆறிக்கொண்டிருந்தது. மனசு மாறிவிட்டார்களோ? யாராவது இல்லாததையும் பொல்லாததையும் சொல்லிக் கலைத்துவிட்டார்களோ? அந்தச் சேலை விஷயத்தை இன்னும் மனசில் வைத்திருக்கிறார்களோ? அம்மன் படத்துக்கு முன்னால் இன்னொரு சூடத்தைக் கொளுத்தினாள்.

அப்போதுதான் தெருமுனையில் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது.

தங்கப்பொண்ணு சூடத்தட்டைக் கீழே வைத்தாள். "ஐயோ, இன்னைக்கா? யாரு வீட்டுலங்க எழவு? தெருவுல சாவு கெடக்க நம்ம வீட்டுல எப்பிடிப் பூ வைப்பாக?"

சோணை காபி டம்ளரோடு எழுந்து காது கொடுத்தார். அழுகை நெருங்கியது. எதிர் வீட்டைத் தாண்டவில்லை. நேராக இந்த வாசலுக்கே வந்தது. ஒப்பாரிச் சொல்லும் இப்போது தெளிவாகவே காதில் விழுந்தது.

"பூவெடுத்து வந்த கையில
பொணமாலை ஏந்த வச்சீகளே...
எண்ணே, எங்கூடப் பொறக்காத பொறப்பே,
மருமகளக் கூட்டிப் போகுமுன்னே
மண்ணுக்குள்ள போனீகளே..."

இருளாயியின் குரல். உயரத்துக்குத் தகுந்த அந்தக் குரல் வேறு யாருக்கும் கிடையாது.

அடுத்த நொடி வாசற்கதவு படாரென்று திறந்தது. தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு இருளாயி நிலைப்படி தாண்டி உள்ளே வந்தாள். அவள் பின்னால் மூன்று நான்கு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் காளை, ஒரு கையில் சாமந்தி மாலை, இன்னொரு கையில் மடிப்புக் கலையாத கோடி வேட்டி.

எதிரே புதுச்சட்டையோடு சோணை நின்றார். கையில் காபி.

இருளாயி அடித்த கை மாரிலேயே நின்றுபோனது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி "ஆத்தாடீ!" என்று அலறிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள். இருளாயி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். அவள் பிடித்தது வீட்டின் உள்சுவர். அது எப்போதும் வழவழப்புத்தான்.

"யாருக்கு மச்சான் மாலை?" என்றார் சோணை.

காளை மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். பெரிய மாலை, இரண்டு பக்கமும் தெரிந்தது.

"மச்சான்... நீ..."

"நான் இருக்கேன்."

"இருக்க. தெரியுது."

அடுப்பில் சாம்பார் பொங்கி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தங்கப்பொண்ணுதான் அழுதபடி கத்தினாள்: "எந்தப் பாவி சொன்னான் இவுக போயிட்டாகன்னு? சொல்லுங்கண்ணே! எவன் சொன்னான்?"

"ஒருத்தரும் சொல்லலம்மா. உங்க வீட்டுச் சுவருதான் சொல்லுச்சு" என்றார் காளை.

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். இளமஞ்சள் சுவரின் நட்டநடுவில், ஒரு சுருக்கமும் இல்லாமல், கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீசு ஒட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஒரு முகம். அச்சு மை அப்பி, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. தெரிந்தது மீசை ஒன்றுதான். அதுவும் கன்னம் வரைக்கும் வளர்ந்த மீசை. கோலம் போட்டுவிட்டு அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

நடந்ததைக் காளை தட்டுத் தடுமாறிச் சொன்னார். பூத்தட்டோடு தெருமுனை திரும்பியிருக்கிறார்கள். திரும்பியதும் இந்த நோட்டீசு கண்ணில் பட்டிருக்கிறது. அவர்கள் ஊரில் செத்தவர் வீட்டுச் சுவரில்தான் இதை ஒட்டுவார்கள். அடுத்தவன் வீட்டில் கொண்டுபோய் ஒட்டுகிற வழக்கம் அங்கே இல்லை. மங்கலத் தட்டோடு எழவு வீட்டுக்கு ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. நின்று விசாரிக்கவும் கூடாது. அதனால் கிட்டப் போய்ச் சின்ன எழுத்தைப் படிக்காமல், மீசையை மட்டும் பார்த்துச் சோணைதான் என்று நம்பி, அப்படியே திரும்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் தெரிந்த வெற்றிலைக் கடையில் தட்டுகளை இறக்கி வைத்தார்கள். வெற்றிலை மாற்றியாகிவிட்டது, சம்பந்தி ஆகிவிட்டோம், மாலையும் கோடியும் இல்லாமல் எப்படிப் போவது என்று கடைவீதியில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அழுதுகொண்டே வந்ததில் வாசல் கோலம் யார் கண்ணிலும் படவில்லை.

ஜெயக்கொடி கிட்டப் போய்ச் சின்ன எழுத்தைப் படித்தாள். கருத்தப்பாண்டி என்று யாரோ ஒருவர். சந்தைப்பேட்டைக்குப் பின்னால் வீடு. மாட்டு வண்டி ஓட்டுகிறவர். வண்டிக்காரர்கள் சேர்ந்து போட்ட நோட்டீசு. இன்று சாயந்திரம் எடுக்கிறார்கள்.

"நான் செத்தது எனக்கே தெரியாமப் போச்சே மச்சான். இம்புட்டுப் பெரிய மாலைன்னு தெரிஞ்சா செத்துருக்கலாம் போல" என்றார் சோணை. தங்கப்பொண்ணு பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள்.

கூட்டத்தோடு வந்து நின்ற சுருளி தலையைச் சொறிந்தான். "அக்கா, பழைய பூச்சுல பசை நிக்காது. முள்ளு முள்ளா இருக்கும்ல, காகிதம் கிழிஞ்சுரும். அதான் இம்புட்டு நாளும் ஒருத்தனும் ஒட்டல. இப்ப வழவழன்னு ஆயிருச்சா..."

தங்கப்பொண்ணு அவனைப் பார்த்தாள். செவ்வாய் வெள்ளியாக அவள் காட்டிய சாம்பிராணியெல்லாம் நெஞ்சுக்குள் புகைந்தது. காவல் இருந்தது ஆத்தா இல்லையா? அந்த முள்ளா? அந்த முள்ளைத்தானே அவள் காசு கொடுத்து உதிர்க்கச் சொன்னாள்!

அதைவிடப் பெரிய இடி அப்புறம் விழுந்தது. காளை மாலையையும் கோடியையும் ஒரே கைக்கு மாற்றிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மச்சான், நீ நல்லா இருக்கணும். ஒனக்கு ஆயுசு கெட்டின்னு வச்சுக்கிருவோம். ஆனா பூ வைக்க வந்த காலு எழவுக்குனு நடந்துருச்சு. என் பொண்டாட்டி தலைய விரிச்சு அழுதுட்டா. சகுனம் சரியில்ல. நாங்க ஊருக்குப் போறோம். பெறகு கலந்து பேசிச் சொல்லி அனுப்புறோம்."

கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அது தங்கப்பொண்ணுக்குத் தெரியும், கதவுக்குப் பின்னால் போய் நின்ற ஜெயக்கொடிக்கும் தெரியும். இருளாயி அவிழ்ந்த முடியை அள்ளி முடியவும் தோன்றாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மாலைய என்ன செய்வீக அண்ணே?" என்று கேட்டாள் தங்கப்பொண்ணு.

காளை கையைப் பார்த்தார். பொணத்துக்கு என்று வாங்கிய மாலை. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சாமிக்குப் போட முடியாது. குப்பையில் வீசவும் மனசு வராது. கோடி வேட்டியும் அப்படித்தான், எடுத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

"அதாம்மா தெரியல."

தங்கப்பொண்ணு நோட்டீசில் இருந்த அந்த மை அப்பிய முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, மதினி அழுதது பொய்யில்ல. வயிறெரிஞ்சு அழுதாக, நான் கேட்டேன். அழுதது யாருக்குன்னு வாசல்தான் மாறிப்போச்சு. அந்த அழுகையையும் மாலையையும் நடுத்தெருவுல விட்டுட்டுப் போனா அது நம்ம பிள்ளைக காலச் சுத்தும். யாருக்குச் சேரணுமோ அவுகளுக்குக் கொண்டுபோயிச் சேத்துருவோம். நானும் வாரேன். சேத்துட்டுக் குளிச்சா முடிஞ்சுபோச்சு. நமக்கென்ன அவுக பங்காளியா, பதினாறு நாளு தீட்டுக் காக்க?"

"முன்னப்பின்ன தெரியாத எழவுக்கா?" என்றார் காளை.

அப்போதுதான் இருளாயி தலையை நிமிர்த்தினாள். "மதினி சொல்றது சரிதான். நான் வச்ச ஒப்பாரி அந்தரத்துல நிக்குது. எனக்கு நெஞ்சு அடைக்குது. எந்திரிங்க, போவோம்."

சோணையையும் ஜெயக்கொடியையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். சோணையைப் பொணத்துக்குப் பக்கத்தில் இன்று கொண்டுபோக எந்தப் பெண்ணுக்கும் தைரியம் வரவில்லை.

சந்தைப்பேட்டைக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசலில் வண்டிமாடு இரண்டும் கட்டிக் கிடந்தன. வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் பீடியோடு குத்துக்காலிட்டு இருந்தார்கள். உள்ளே அழுவதற்கு செத்தவரின் மனைவியைத் தவிர ஒரு பெண் இல்லை. தூரத்துச் சொந்தம் இன்னும் வந்து சேரவில்லை. இருளாயி நிலைப்படியில் கால் வைத்ததும் குரல் தானாகக் கிளம்பியது. இந்தத் தடவை வார்த்தை இல்லை, வெறும் அழுகை. காளை மாலையைப் போட்டார், கோடியைப் போர்த்தினார். அந்த வீட்டம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு இவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எந்த ஊருச் சொந்தம் தாயி நீங்க? அடையாளம் தெரியலையே."

தங்கப்பொண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலைல எங்க வீட்டுச் சுவத்துக்கு வந்தாரும்மா. வந்தவர வழியனுப்பாம இருக்கலாமா? அதான் வந்தோம்."

அந்தம்மாவுக்கு விளங்கியதா இல்லையா, அது தெரியாது. பிடித்த கையை அவள் விடவில்லை. அவர்கள் வீடு திரும்புவதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது.

கொல்லைக் கிணற்றில் எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். தங்கப்பொண்ணின் சேலைகளைப் பெண்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இருளாயிக்கு எந்தச் சேலையும் உயரம் பற்றவில்லை, கணுக்காலுக்கு மேலேயே நின்றது. காளை எங்கே என்று சொல்லாமல் ஈரத்தலையோடு வெளியே போனார். தங்கப்பொண்ணு பின்வாசலில் நின்று, அவர் நடந்து போகிற திசையைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம். பெண்களைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு ஊருக்குத்தான் கிளம்பிவிட்டாரோ? உள்ளே போய் விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள். கும்பிடக்கூட வாய் வரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காளை வந்தார். வெற்றிலைக் கடையில் இறக்கி வைத்த தட்டுகளில் இரண்டு அவர் கையில், மற்றதெல்லாம் கடைக்காரர் தலையில். மல்லிகைப் பூ ஈரத்துணிக்குள் வாடாமல் இருந்தது.

"சேர வேண்டியதச் சேத்தாச்சு, குளிச்சாச்சு. வெள்ளிக்கிழமை, வெளக்கு வச்ச நேரம். இதைவிட நல்ல நேரம் எங்க பாக்குறது? மருமகளக் கூப்புடு தாயி" என்றார்.

குளித்து ஈரம் சொட்டிய தலையோடு இருளாயி ஜெயக்கொடிக்குப் பூ வைத்தாள். சோணை நின்ற இடத்தைப் பக்கவாட்டில் இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பிறகுதான் பிள்ளையின் நெற்றியில் குங்குமம் வைத்தாள்.

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இருளாயி வாசலில் நின்று சுவரை ஒரு தடவை தடவினாள். நோட்டீசு அப்படியே இருந்தது. தங்கப்பொண்ணு யாரையும் கிழிக்க விடவில்லை. பதினாறாம் நாள் கழிந்தால் தானாக உரியட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"மதினி, அன்னைக்கி ஒஞ் சுவரு சேலையப் பிடிச்சு இழுத்துச்சு. இன்னைக்கி எங்களையே பிடிச்சு இழுத்து ஊரெல்லாம் சுத்த விட்டுருச்சே" என்றாள் இருளாயி.

"பேசாமப் பழைய பூச்சையே அடிக்கச் சொல்லிரவா?" என்றாள் தங்கப்பொண்ணு.

"வேணாந்தாயி. எம் மகன் வேட்டியோட வந்து போகட்டும்."

அவர்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் தங்கப்பொண்ணு நின்றாள். உள்ளே போய்ச் சாம்பிராணிக் கரண்டியில் கங்கு அள்ளி வந்தாள். நிலைப்படிக்குக் காட்டினாள். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று கொஞ்சம் கூச்சத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டு, நோட்டீசில் இருந்த அந்த மீசைக்கும் ஒரு சுற்றுக் காட்டினாள்.